பெயருக்கு முன்னால் ஒரு பட்டம்: தாய்லாந்து அரசவைப் பெண்களைத் தேடி

திங்கள் இரவு, பாங்காக்

பாங்காக் பெரிய அரண்மனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மரகத புத்தரைக் கும்பிட்டுவிட்டு, சக்ரி மண்டபத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, வெயில் தாங்காமல் வாசலைப் பார்த்து நடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் முக்கியம். அது உள் அரண்மனை. இன்றைக்கும் பொதுமக்களை உள்ளே விடுவதில்லை, மதிலை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். 1782-ல் இப்போதைய அரச வம்சத்தின் முதல் அரசர் முதலாம் ராமா தொடங்கிய இந்த அரண்மனை வெளி, நடு, உள் என்று மூன்றாகப் பிரிந்தது, உள்ளே பெண்கள் மட்டும். அரசர் ஒருவர்தான் அங்கே ஆண். அப்புறம் குடுமி களையும் சடங்கு முடியாத சின்ன இளவரசர்கள். சடங்கு முடிந்ததும் அந்தப் பையன் அம்மாவை விட்டு வெளியே குடிபோய்விட வேண்டும்.

ஐந்தாம் ராமா சுலாலங்கோர்ன் காலத்தில் (1868–1910) ராணிகள், துணைவியர், இளவரசிகள், தோழிகள், வேலைக்காரிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 3,000 பேர் வரை இந்த மதிலுக்குள் வாழ்ந்திருக்கிறார்கள். தெருக்கள், கடைகள், தோட்டங்கள் எல்லாம் உள்ளேயே. கதவு பூட்டுவது, காவல் நிற்பது, மருத்துவரோ கொத்தனாரோ உள்ளே வர நேர்ந்தால் கூடவே நடந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது, அத்தனையும் க்லோன் எனப்பட்ட பெண் காவலர்களின் வேலை. பெரிய குடும்பங்கள் தங்கள் பெண்களைச் சின்ன வயதிலேயே இங்கே அனுப்பிவைத்தார்கள். சமையல், பூக்கட்டு, வாசனைத் திரவியம், பேச்சு, நடை எல்லாம் பழகுவார்கள். சிலர் படித்து முடித்துக் கல்யாணத்துக்கு வீடு திரும்புவார்கள், சிலர் அரசரின் கண்ணில் பட்டு அங்கேயே தங்கிவிடுவார்கள்.

அப்படித் தங்கிவிட்டவர்களின் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் ஏறும். பிரபு வீட்டிலிருந்து வந்து அரசரின் துணைவியானவர் சாவ் சோம். அவருக்கு அரசரின் குழந்தை பிறந்தால் சாவ் சோம் மான்டா. அதற்கும் மேலே வெகு சிலருக்குச் சாவ் குன் சோம் மான்டா, சாவ் குன் ப்ரா என்று உயர்வு உண்டு. அரச குடும்பத்திலேயே பிறந்து அரசரை மணந்தவர்களுக்கு இந்த வரிசை கிடையாது. அவர்களுக்கு வேறு வரிசை, அதன் உச்சியில் மகாராணி. பட்டத்தோடு வெற்றிலைப் பெட்டியும் வரும். யாருக்கு வெறும் பொன், யாருக்கு எனாமல் வேலைப்பாடு செய்த பொன் என்பதை வைத்தே அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் புரிந்துவிடும்.

பெட்சபுரி மாகாணத்தை ஆண்ட புன்னாக் குடும்பத்துப் பிரபு ஒருவரின் ஐந்து மகள்கள், ஓன், இயம், எர்ப், அப், உவன், ஐந்து பேருமே சுலாலங்கோர்னின் துணைவியரானார்கள். ஒரே வீட்டில் பிறந்து ஒரே அரண்மனைக்குப் போன அக்கா தங்கைகள். ஆனால் மூத்தவர் ஓனுக்கு மட்டும் மகள்கள் பிறந்ததால் அவர் சாவ் சோம் மான்டா, மற்ற நால்வரும் கடைசிவரை சாவ் சோம்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதுதான் என்னை இந்தப் பயணத்துக்கே இழுத்தது. சுலாலங்கோர்னின் அப்பா, நான்காம் ராமா மோங்குட், தன் துணைவியரில் விருப்பமுள்ளவர்கள் அரண்மனையை விட்டுப் போகலாம், வேறு கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம் என்று அறிவித்தார். ஆனால் குழந்தை பெற்றவர்களுக்கு அந்த அனுமதி இல்லை. அரசரின் பிள்ளையைப் பெற்றவள் இன்னொருவருக்கு மனைவியாவது அந்தப் பிள்ளையின் கௌரவத்துக்கு இழுக்கு என்பது காரணம். யோசித்துப் பாருங்கள், உயர்ந்த பட்டம் வாங்கியவளுக்குத்தான் கதவு மூடியது. இந்தப் பட்டங்களை அழகான பழைய அலங்காரம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய, எனக்கு அது போதவில்லை. எந்தப் பட்டம் எந்தப் பெண்ணுக்கு எந்தக் கதவைத் திறந்தது, எதைச் சாத்தியது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

அரண்மனை வளாகத்திலேயே ராணி சிரிகிட் ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது, 2012-ல் திறந்தது. கூட்டம் குறைவு, குளிர்ச்சி, தவறவிடாதீர்கள். 1960-ல் ராணியின் வெளிநாட்டுப் பயணங்களை ஒட்டி உருவான தேசிய உடைகள் எட்டும் எப்படி வந்தன என்று அங்கே புரிந்துகொள்ளலாம். பின்னாளில் ஒன்பதாம் ராமா பூமிபாலின் ராணியான சிரிகிட் பிறந்தபோது (1932) மோம் ராஜவொங் மட்டுமே. இந்த இறங்குவரிசை நம் ஆட்களுக்குப் புதிது, அதனால் சொல்லிவிடுகிறேன். அரசருக்கு அரச குலத்து மனைவியிடம் பிறந்த குழந்தை சாவ் ஃபா, சாதாரண குலத்து மனைவியிடம் பிறந்தால் ப்ரா ஓங் சாவ். அதற்கடுத்த தலைமுறைகளில் மோம் சாவ், பிறகு மோம் ராஜவொங், பிறகு மோம் லுவாங் என்று தலைமுறைக்கு ஒரு படி கீழே வரும். மோம் லுவாங்கின் பிள்ளைகள் சாதாரண குடிமக்கள்தான், குடும்பப் பெயரின் பின்னால் 'ந அயுத்தயா' என்ற அடையாளம் மட்டும் மிஞ்சும். அரச ரத்தம் என்று சொல்லிக்கொண்டு முடிவில்லாமல் பெருகிக்கொண்டே போகாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் இந்த வரிசை அப்பா வழியாகத்தான் இறங்கும். ஒரு மோம் சாவ் ஆண் சாதாரணப் பெண்ணைக் கட்டினால் அவன் பட்டம் அப்படியே இருக்கும், மனைவிக்கு மோம் என்று ஒரு மரியாதைப் பெயரும் கிடைக்கும். மோம் சாவ் பெண் சாதாரண ஆணைக் கட்டினால் அவள் அரச குலத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். ஒன்பதாம் ராமா பூமிபாலின் மூத்த மகள் உபோல்ரத்தனா 1972-ல் ஓர் அமெரிக்கரை மணந்தபோது தன் அரசப் பட்டத்தைத் துறந்தார். 2019 பிப்ரவரியில் ஒரு கட்சி அவரைப் பிரதமர் வேட்பாளராக அறிவித்தபோது, பட்டத்தைத் துறந்திருந்தாலும் அவர் அரச குடும்பத்தவர்தான், அரசியலில் இறங்குவது முறையல்ல என்று அரண்மனையிலிருந்து அறிக்கை வந்தது. அடுத்த மாதம் அந்தக் கட்சியே கலைக்கப்பட்டது. வெளியே வந்தவளுக்கும் கதவு முழுசாகத் திறக்கவில்லை.

கால் வலிக்கிறது. மிச்சம் நாளைக்கு.

செவ்வாய், பாங்காக்

காலையிலேயே சரன்ரோம் பூங்கா. அரண்மனையிலிருந்து நடந்தே போகலாம். உள்ளே சுனந்தா ராணிக்குச் சுலாலங்கோர்ன் எழுப்பிய பளிங்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவரைப் பற்றி நாளை பாங் பா இன் போய்விட்டு எழுதுகிறேன்.

அங்கிருந்து வாட் ராட்சபோபித். கோயிலை ஒட்டி அரச குடும்பத்தின் அஸ்திகள் வைக்கப்பட்ட தோட்டம். இந்தப் பாங்காக் அலைச்சலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் எட்டிப் பார்ப்பதும் இல்லை. சுலாலங்கோர்னின் நான்கு ராணிகளுக்கு, அவரவர் வழிவந்த குடும்பத்துக்கென்று, நான்கு வெள்ளைத் தூபிகள். சுனந்தா, சவாங் வத்தனா, சவோவபா மூவரும் உடன்பிறந்த சகோதரிகள். நான்காமவர் சுகுமால் மாரஸ்ரீ. நால்வருமே மோங்குட்டின் மகள்கள், அதாவது கணவருக்கு வேறு தாய் வயிற்றுத் தங்கைகள். அந்தக் காலத்து அரச குலத்தில் இது வழக்கம். பிறக்கப்போகும் குழந்தை இரண்டு பக்கமும் அரச ரத்தமாக இருந்தால்தான் சாவ் ஃபா ஆகும். பட்டம் அப்பா வழி என்று நேற்று எழுதினேன் அல்லவா, அதன் உயரத்தை முடிவு செய்வது அம்மாவின் பிறப்பு.

சவோவபா முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன். 1897-ல் சுலாலங்கோர்ன் ஐரோப்பா போனபோது நாட்டை அவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார், இந்த அரச வம்சத்தில் ஒரு பெண் அரசப் பிரதிநிதியானது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அவர் பெயரோடு சேர்ந்த பட்டம் போரொம்மராசினிநாத். மகாராணிகளிலேயே நாட்டை ஆண்ட மகாராணிக்கு மட்டும் உரியது. அடுத்து அதைப் பெற்றவர் சிரிகிட், 1956-ல் பூமிபால் துறவு பூண்டு மடத்தில் இருந்தபோது பொறுப்பு ஏற்றதற்காக. கணவன், பிள்ளை என்ற கணக்கில் வராமல் செய்த வேலைக்காகக் கிடைத்த பட்டம் என்பதால் எனக்கு இதன் மேல் தனி மதிப்பு. ராம் நான்காம் சாலையில் இருக்கும் பாம்புப் பண்ணைக்குப் பயணிகள் கூட்டமாகப் போகிறார்கள், அது நடப்பது சவோவபா பெயரிலான நிறுவனத்தில்தான்.

கொஞ்ச தூரத்தில் பெரிய ஊஞ்சல், பக்கத்தில் 1784-ல் கட்டிய தேவசதான் பிராமணர் கோயில். நம் ஊர்க்காரர்கள் இங்கே கட்டாயம் வர வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் திரியம்பாவாய், திரிபவாய் சடங்கில் அரசவைப் பிராமணர்கள் ஓதுவது நம் திருவெம்பாவை, திருப்பாவை வழி வந்தவை. பெரிய பட்டங்களை வழங்கும்போது புதிய பெயரைப் பொன் தகட்டில் பொறித்துக் கொடுப்பார்கள், அந்தச் சடங்குகளிலும் சங்கு ஊதுவது இந்தப் பிராமணர்கள்தான்.

மத்தியானம் படகில் ஆற்றைக் கடந்து க்லோங் சான். இங்கே அரச தாய் ஸ்ரீநகரிந்திராவின் நினைவுப் பூங்கா. பிறந்தபோது (1900) அவர் பெயர் சங்வான், முன்னால் பின்னால் எதுவும் கிடையாது. அப்பா பொற்கொல்லர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர், சிரிராஜ் மருத்துவமனையில் செவிலியர் படிப்பு, உதவித்தொகையில் அமெரிக்கா, அங்கே மருத்துவம் படிக்க வந்த இளவரசர் மகிதோலைச் சந்தித்தார், 1920-ல் கல்யாணம். மோம் சங்வான் ஆனார். அம்மா அரச குலத்தவர் அல்ல என்பதால் மகன் ஆனந்த மகிதோல் பிறந்தபோது (1925) வெறும் மோம் சாவ். 1927-ல் ஏழாம் ராமாவின் ஆணை ஒன்று அப்படிப்பட்ட பிள்ளைகளை ப்ரா ஓங் சாவ் ஆக்கியது. 1935-ல் அந்தப் பையன் எட்டாம் ராமா, 1946-ல் தம்பி பூமிபால் ஒன்பதாம் ராமா. அம்மாவுக்கு 1938-ல் ஒரு பட்டம், 1970-ல் இன்னும் பெரிய பட்டம்.

அவர் குழந்தையாக இருந்த வீட்டைப் போலவே ஒரு சின்ன வீட்டைப் பூங்காவில் கட்டி வைத்திருக்கிறார்கள். நெருக்கமான தெரு, பழைய செங்கல் சுவர்கள், சுற்றிலும் ஆலமரங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். பின்னாளில் அவர் மலைக்கிராமங்களுக்கு மருத்துவக் குழுக்களை அனுப்பியதும், வடக்கே தோய் துங்கில் அபின் பயிருக்குப் பதிலாக வேறு பிழைப்பு உண்டாக்கியதும் இந்தத் தெருவில் தொடங்கிய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் புரிகிறது. மலைவாழ் மக்கள் அவரை மே ஃபா லுவாங், வானிலிருந்து வந்த அரச தாய், என்று கூப்பிட்டார்கள். அரண்மனை கொடுத்த நீளமான பட்டத்தைவிட அந்தப் பெயர்தான் அதிகம் புழங்குகிறது, ஒரு பல்கலைக்கழகமே அந்தப் பெயரில் இருக்கிறது.

புதன் இரவு, அயுத்தயா

ஜன்னல் திறந்த சாதாரண ரயிலில் பாங் பா இன். அரசர்களின் கோடைக்கால அரண்மனை. குளத்துக்கு நடுவே நிற்கும் மண்டபத்தை எல்லாரும் படம் எடுக்கிறார்கள், அழகுதான். நான் தேடி வந்தது தோட்டத்தின் ஒரு பக்கத்தில் இருக்கும் பளிங்குத் தூண்.

1880 மே 31. சுனந்தாவும் கைக்குழந்தை மகளும் பாங்காக்கிலிருந்து இங்கே வருகிற வழியில் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அவருக்கு வயது 19, வயிற்றில் இன்னொரு குழந்தை. அரச குடும்பத்தவரைத் தொடக்கூடாது என்ற பழைய விதியால் கரையில் இருந்தவர்கள் கைகொடுக்கவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லப்படுகிறது. அவர் இருந்தபோது அவ்வளவு உயர்ந்த நிலையில் இல்லை. மகாராணி நிலைப் பட்டம் இறந்த பிறகு வந்தது. தூணில் கணவர் எழுதிய இரங்கல் வரிகள் தாய்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும். படித்து முடித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். இறந்தவளுக்குப் பட்டம் எதற்கு, உயிரோடு இருந்தபோது ஒரு கை நீண்டிருந்தால் போதுமே.

பக்கத்திலேயே இன்னொரு நினைவுச் சின்னம், 1887-ல் அடுத்தடுத்து இறந்த ஒரு துணைவிக்கும் அரசரின் மூன்று குழந்தைகளுக்கும்.

பழைய தலைநகரான அயுத்தயாவுக்கு வந்து சேரும்போது மணி மூன்று. சூரியோதை ராணியின் சேதியை, அதாவது நினைவுத் தூபியை, பார்த்தேன், பதினாறாம் நூற்றாண்டில் பர்மியப் படையோடு யானை மேல் ஏறிப் போரிட்டு இறந்தவர் என்று வரலாற்றில் நிற்கிறார். அப்புறம் ஜப்பானியர் குடியிருப்பு. அங்கே மரியா குயோமாருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜப்பானும் போர்ச்சுகலும் கலந்த குடும்பம், கணவர் நராய் மன்னரிடம் செல்வாக்கோடு இருந்த கிரேக்கர் ஃபால்கன். 1688-ல் ஆட்சி மாறியபோது கணவரைக் கொன்றார்கள், மனைவியின் வாழ்க்கை தலைகீழானது. பிற்பாடு அரண்மனைச் சமையற்கட்டில் பொறுப்பு, தாவ் தோங் கீப் மா என்ற பட்டம். தாவ் என்பது அரண்மனையில் உத்தியோகம் பார்த்த பெண்களுக்கு உரியது. உணவு, கருவூலம், ஒழுங்கு, காவல் என்று உள் அரண்மனையை உண்மையில் நடத்தியவர்கள் இந்தத் தாவ்கள்தான், ஆனால் ராணிகளைப் பற்றி எழுதுவதில் நூறில் ஒரு பங்குகூட இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரைப் பாகில் நூல் நூலாக இழுத்துச் செய்யும் ஃபோய் தோங் இவர் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். சந்தையில் வாங்கிச் சாப்பிட்டேன், பயங்கரத் தித்திப்பு, இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை.

வியாழன், கோராட்

அரண்மனைக்குள்ளேயே பிறந்து வளராத பெண்ணுக்கும் தாவ் கிடைத்ததைப் பார்க்கத்தான் இங்கே வந்தேன். ஊர் நடுவே தாவ் சுரநாரி சிலை. துணை ஆளுநரின் மனைவி மோ. 1826-ல் வியன்டியான் மன்னர் ஆனுவின் படை ஊரைப் பிடித்து மக்களைச் சிறைக் கூட்டமாக நடத்திக்கொண்டு போனபோது, வழியில் துங் சம்ரித் என்ற இடத்தில் எதிர்த்து எழுந்தவர்களுக்குத் தலைமை தாங்கினார் என்று வரலாறு, மூன்றாம் ராமா இந்தப் பட்டத்தைக் கொடுத்தார். 1930-களில் வைத்த வெண்கலச் சிலை. அரச குலத்தில் பிறக்காத பெண்ணுக்கு இந்த நாட்டில் எழுந்த முதல் சிலை. மாலை, ஊதுவத்தி, தங்க இலை, நேர்த்திக்கடனுக்குக் கோராட் பாட்டு என்று நாள் முழுக்கக் கூட்டம். எதிர்க்கடைக்காரம்மா அவரை 'யா மோ', பாட்டி மோ, என்றுதான் சொன்னார், பட்டத்தை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. புக்கெட்டில் 1785-ல் பர்மியரைத் தடுத்த சகோதரிகள் சன், மூக் இருவருக்கும் முதலாம் ராமா இதே போல் தாவ் பட்டம் கொடுத்தார், அங்கே விமான நிலையத்திலிருந்து வரும் சாலைக்கே அக்காவின் பட்டம்தான் பெயர்.

இன்றைக்கும் அரசர் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கிறார். குன்யிங், தான்புயிங் என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். முன்பு அவை பெரும்பாலும் கணவரின் பதவியை ஒட்டி வந்தவை, ப்ரயா பட்டம் பெற்ற பிரபுவின் மனைவி குன்யிங், அதைவிட உயர்ந்த சாவ் ப்ரயாவின் மனைவி தான்புயிங். இப்போது 1873-ல் தொடங்கிய சுலா சோம் கிளாவ் விருதின் எந்த வகுப்பைப் பெறுகிறார் என்பதைப் பொறுத்தது. ஆனால் ஒன்று, அதே விருதைத் திருமணமாகாத பெண் வாங்கினால் குன் மட்டும்தான். கல்யாணம் செய்யாதவளின் சேவை எந்த விதத்தில் குறைவு என்று எனக்குப் புரியவில்லை, இதை எவ்வளவு சமாதானம் சொன்னாலும் ஏற்க முடியாது.

சாவ் குன் ப்ரா பட்டமும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2019 ஜூலையில் இப்போதைய அரசர் சினீனாத் என்பவருக்கு அதைக் கொடுத்தார், அக்டோபரில் எல்லாப் பட்டங்களும் பறிக்கப்பட்டன, 2020 செப்டம்பரில் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

இரவுப் பேருந்தில் வடக்கே.

சனி, சியாங் மாய்

முதலில் வாட் சுவான் தோக். வடக்கே முன்பு தனி நாடாக இருந்த லன்னாவின் அரச குடும்பத்து வெள்ளைச் சேதிகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. ஊரில் அங்கங்கே சிதறிக் கிடந்த தன் முன்னோர்களின் அஸ்திகளை 1909-ல் இங்கே ஒன்று சேர்த்தவர் தாரா ரஸ்மி. அவருடைய அஸ்தியிலும் ஒரு பாதி இங்கே, மறுபாதி பாங்காக் வாட் ராட்சபோபித்தில்.

தாரா சியாங் மாய் மன்னர் இந்தவிசயானோனின் மகள், 1873-ல் பிறந்தவர். பர்மாவில் பிரிட்டிஷார் கை ஓங்கிக்கொண்டிருந்த காலம். விக்டோரியா ராணி இந்தச் சிறுமியைத் தத்தெடுக்க விரும்புகிறார் என்று ஒரு வதந்தி கிளம்ப, சுலாலங்கோர்ன் காதணியும் மோதிரமும் அனுப்பினார். 1886-ல், பதின்மூன்று வயதில், பாங்காக் உள் அரண்மனைக்குள் போனார். சொந்த நாட்டில் மன்னர் மகள், அங்கே சாவ் சோம். 1889-ல் மகள் பிறந்ததும் சாவ் சோம் மான்டா. அந்தக் குழந்தை 1892-ல் இறந்துவிட்டது.

அவருடைய படங்களை இன்றைக்கு வெகுநேரம் பார்த்தேன். சுற்றியுள்ள பெண்கள் எல்லாம் தலைமுடியைக் கட்டையாக வெட்டி, சோங் கிராபென் என்ற தார்பாய்ச்சு உடுத்தியிருக்கும்போது, தாராவும் அவருடன் வந்தவர்களும் நீளமான கூந்தலைக் கொண்டை போட்டு, லன்னாவின் குழாய்ப் பாவாடை உடுத்தியிருக்கிறார்கள். பாங்காக்கில் இருந்த இருபத்தெட்டு ஆண்டும் அப்படித்தான். வடக்கத்தியர் என்று இளக்காரமாகப் பார்த்த இடத்தில் ஒரு பெண் கொண்டையை அவிழ்க்காமல் இருந்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

1909-ல் ஊருக்குப் போய்வர அனுமதி கிடைத்தது. கிளம்பும் சமயத்தில் அரசர் அவரை ப்ரா ராச்சசாயா ஆக்கினார். வேறு துணைவியர் யாருக்கும் வழங்காத பட்டம், அவரை அரச குலத்து மனைவிகளின் வரிசையில் சேர்த்தது. சியாங் மாய்க்கு ரயில் வராத காலம், ஆற்றுப் படகில் வாரக்கணக்கில் பயணம். பாங்காக் திரும்பிய அடுத்த ஆண்டே, 1910 அக்டோபரில், அரசர் இறந்தார். 1914-ல் ஆறாம் ராமாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தாரா நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டார். அரசரின் குழந்தையைப் பெற்றவள், ராணி வரிசையில் பட்டம் வாங்கியவள், வீட்டுக்குத் திரும்பினாள்.

மே ரிமில் அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த தாரா பிரோம் மாளிகை இப்போது சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகம் நடத்தும் அருங்காட்சியகம். எல்லைக் காவல் போலீஸ் முகாமுக்குள் இருக்கிறது, வாசலில் காவலர் இருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், சொன்னால் விடுவார்கள். நகரத்திலிருந்து சொங்தேவ் என்ற ஷேர் வண்டியில் வரலாம். இரண்டு மாடி, மர ஜன்னல்கள், அவர் இசைக்கருவிகள், துணிகள், கட்டில். இங்கே அவர் நிலத்தில் பயிர்ச் சோதனைகள் நடத்தினார், முட்டைக்கோஸும் ரோஜாவும் வளர்த்தார், ஒரு ரோஜா வகைக்குச் சுலாலங்கோர்ன் பெயரையே வைத்தார். பாவாடைக்குக் கரை நெய்யும் பழைய முறையைத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு வைத்து இளம்பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார், லன்னா நடனங்களைத் திருத்தி அமைத்தார். இன்று சியாங் மாயில் விரல் நகங்களில் பித்தளைக் கூர் மாட்டி ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கிறோமே, அது நிலைத்து நின்றதில் அவருக்குப் பங்கு உண்டு. 1933 டிசம்பர் 9-ல் இறந்தார்.

திங்கள்கிழமைகளில் மாளிகை மூடியிருக்கும், அதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். தோட்டத்துக்கு மட்டும் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.